'12 வரிகள் காட்டப்படவில்லை': பச்சைத் திரையும் பம்பாய்த் தமிழரும்

பொட்டி தட்டிப் பிழைக்கிற தமிழ்க் குடும்பங்கள் முலுண்டில் நிறைய. அப்பா ஒரு தலைமுறை, மகளோ மகனோ அடுத்த தலைமுறை என்று ஒரே வீட்டில் இரண்டு பொட்டி ஓடுவதும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளில் பிள்ளைகள் அப்பாக்களைச் சீண்டுவதற்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது. இன்றைய நிரல் எடிட்டர்களில் இரண்டு வித்தைகள் உண்டு. ஓரத்தில் இருக்கும் குட்டி அம்புக்குறியைத் தட்டினால் நூறு வரிகள் மடிந்து ஒற்றை வரியாகிவிடும். ஒரு சொல்லின் மேல் நின்று கண்ட்ரோலையும் டி-யையும் நாலு தடவை தட்டினால், அதே சொல் இருக்கிற நாலு இடத்திலும் கர்சர் மினுக்கும். ஒரு முறை அடித்தால் நாலும் மாறும். "உங்க காலத்துல இதெல்லாம் ஏதுப்பா?" என்பார்கள்.

இருந்தது. இரண்டு வித்தைகளையும் ஒரே கட்டளையில் சேர்த்துச் செய்கிற வசதியே இருந்தது. 1990களின் கடைசியில் அந்தேரியிலும் சென்னையிலும் அமெரிக்காவின் பல ஊர்களிலும் நம்மாட்கள் ராத்திரி பகலாகச் சோறு தின்றது அதை வைத்துத்தான். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன் :-)

முதலில் மேட்டர் என்னவென்று புரியவைத்துவிடுகிறேன். (ஆணி பிடுங்குகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) வீட்டில் கல்யாணம். அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. திருநெல்வேலி, மதுரை, சென்னை, மாட்டுங்கா, செம்பூர் என்று ஊர்வாரியாக அறுநூறு பெயர்கள். ஊர்ப் பெயர்களை மட்டும் காட்டி, அடியில் உள்ள ஆட்களை உள்ளே தள்ளி வைத்தால் அது மடிப்பு. மண்டபம் மாறிவிட்டது, பழைய மண்டபத்தின் பெயர் நாற்பது இடத்தில் இருக்கிறது, நாற்பதையும் ஒரே பிடியாகப் பிடித்து மாற்றினால் அது பல இடத் தேர்வு. இப்போது ஒரு சின்னக் கேள்வி. மதுரைக்காரர்களை மடித்து வைத்திருக்கும்போது இந்த மாற்றத்தைச் செய்கிறீர்கள். மடிப்புக்குள் இருப்பதும் மாறுமா, மாறாதா? மாறினால் உங்களுக்குத் தெரியுமா?

இந்தக் கேள்விதான் இந்தக் கதைக்கு முதுகெலும்பு. மற்றதெல்லாம் தோளும் காலும்.

கார்பன் தாள் காலம்

ஒரு தட்டில் பல இடம் மாற வேண்டும் என்கிற ஆசை பம்பாய்த் தமிழனுக்குக் கம்ப்யூட்டரோடு வந்ததல்ல. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மாட்டுங்காவில் குடியேறிய படித்த இளைஞர்களில் பலர் ஃபோர்ட் பகுதி ஆபீஸ்களில் குமாஸ்தாவாகவும் ஸ்டெனோவாகவும் டைப்பிஸ்டாகவும் இருந்தவர்கள். (தோல் பதனிடவும் கூலி வேலைக்கும் வந்து தாராவியில் தங்கியவர்களின் கதை வேறு. அதுவும் இதைவிடப் பெரிய கதை.) பிள்ளைகளைப் படிக்கவைக்க 1932-லேயே மாட்டுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்துவிட்டது. நாம் எஸ்.ஐ.இ.எஸ். என்று சொல்கிறோமே, அதுதான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், கூடவே ஷார்ட்ஹேண்ட் என்றால் தாதர் எக்ஸ்பிரஸில் ஏறிவிடலாம் என்ற நம்பிக்கை ஊரில் வெகுகாலம் இருந்தது.

டைப்பிஸ்டுக்குக் கார்பன் தாள் என்ற ஒன்று உண்டு. நாலு தாளுக்கு நடுவே மூன்று கார்பன் செருகி ஒரு தட்டு தட்டினால் நாலு பிரதி. ஆனால் ஒரு எழுத்து தப்பாக விழுந்தால் நாலிலும் தப்பு. மேல் தாளை அழித்தால் மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் இருக்கிற மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துத் திருத்த வேண்டும். அவசரக்காரர்கள் மேல் தாளை மட்டும் திருத்திவிட்டுப் போவார்கள். ஆபீஸ் ஃபைலில் தப்பு அப்படியே தூங்கும். 1966-ல் சிவசேனா தொடங்கி 'மதராஸி'களைக் குறிவைத்தபோது பேச்சு அடிபட்டது இந்த ஆபீஸ் வேலைகளைப் பற்றித்தான். ஆக, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் தப்பு விடக்கூடாது என்கிற பயம் நமக்குப் பரம்பரைச் சொத்து.

அதே காலத்தில் கொலாபாவில் வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்து கிண்டியில் இன்ஜினியரிங் படித்த ஆர். நரசிம்மன் தலைமையில் ஒரு குழு சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டியது. 1960-ல் முழுமையாக இயங்கத் தொடங்கிய அந்த இயந்திரத்துக்கு 1962-ல் நேரு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார். 1964-ல் அங்கே அமெரிக்காவின் சி.டி.சி. 3600 வந்து இறங்கியது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் அட்டைக்கட்டோடு வந்து நின்றார்கள்.

அட்டை என்றால் ஓட்டை போட்ட அட்டை. ஒரு அட்டை, ஒரு வரி, எண்பது எழுத்து. நிரலைத் திருத்துவது என்றால் அட்டையை உருவிவிட்டு வேறொன்றைத் துளைத்துச் செருகுவது. வேலை முடிந்த பகுதியை ரப்பர் பேண்ட் போட்டு ஒதுக்கி வைத்தால் அதுதான் அந்தக் காலத்து மடிப்பு. நாற்பது இடத்தில் மாற்றம் என்றால் நாற்பது அட்டை. இந்த 80 என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

காய்கறிப் பட்டியலும் ஐ.பி.எம்.மும்

திரையில் மடித்துக் காட்டியது முதலில் யார் என்றால், பெரும்பாலும் எல்லோரும் கைகாட்டுவது டக்ளஸ் எங்கெல்பார்ட்டை. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டில் தன்னுடைய என்.எல்.எஸ். என்ற அமைப்பை அவர் மேடையில் இயக்கிக் காட்டினார். மௌஸை உலகம் முதன்முதலில் பொதுவெளியில் பார்த்தது அன்றைக்குத்தான் என்று பலருக்கும் தெரியும். அதே நிகழ்ச்சியில் அவர் வீட்டுக்கு வாங்க வேண்டிய மளிகை, காய்கறிப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, வகை வகையாகப் பிரித்து, தலைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மறைத்தும் விரித்தும் காட்டினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம் கல்யாணப் பட்டியலின் தாத்தா அது.

அது ஆராய்ச்சிக்கூடத்துச் சரக்கு. ஆபீஸ்காரன் கையில் மடிப்பைக் கொடுத்தது ஐ.பி.எம். 1974 வாக்கில் அவர்களின் 370 வகை மெயின்ஃபிரேம்களுக்கு எஸ்.பி.எஃப். என்ற எடிட்டர் வந்தது. பின்னால் அது ஐ.எஸ்.பி.எஃப். ஆயிற்று. 3270 வகை டெர்மினலில், கருப்புப் பின்னணியில் பச்சை எழுத்தாக ஓடும். திரையின் அளவு 24 வரி, வரிக்கு 80 எழுத்து. பார்த்தீர்களா, அட்டை போனாலும் எண்பது போகவில்லை.

24 வரியில் தலைப்புக்கும் கட்டளைக்கும் போக நிரலுக்குக் கிடைப்பது சுமார் இருபது வரி. எழுதுவதோ கோபால் மொழியில். (சரோஜாதேவியின் குரல் காதில் கேட்டால் நான் பொறுப்பில்லை.) வளவளவென்று பேசுகிற மொழி அது. எட்டாயிரம் வரி நிரல் என்பது சர்வசாதாரணம். இருபது இருபதாகப் பார்த்தால் நானூறு திரை. மடிப்பு இல்லாமல் குடும்பம் நடத்தவே முடியாது.

அந்த மடிப்பு எப்படி வேலை செய்யும் என்று சொல்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் இடதுபக்கம் ஆறு இலக்க எண் இருக்கும். அதன் மேல் 'எக்ஸ்' என்று ஒரு எழுத்து அடித்து என்டர் தட்டினால் அந்த வரி மறைந்துவிடும். பன்னிரண்டு வரிகளை மறைத்தால் அந்த இடத்தில் கோடு கோடாக வந்து, '12 வரிகள் காட்டப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் நிற்கும். மேலே கட்டளை வரியில் 'எல்லாவற்றையும் மறை' என்றால் எட்டாயிரம் வரியும் போய் ஒற்றைக் கோடு மட்டும் மிஞ்சும்.

சூட்சுமம் இதற்கு அப்புறம்தான். எல்லாவற்றையும் மறைத்துவிட்டு ஒரு சொல்லைத் 'தேடு, எல்லா இடத்திலும்' என்பார்கள். அந்தச் சொல் இருக்கிற வரிகள் மட்டும் இருட்டிலிருந்து எழுந்து வரும். அறுபது வரி வந்தால் அறுபதையும் கண்ணால் படிக்கலாம். இதில் பதினைந்து நமக்கு வேண்டாதது என்றால் அந்தப் பதினைந்துக்கும் மீண்டும் எக்ஸ். மிச்சம் நாற்பத்தைந்து. இப்போது 'மாற்று, எல்லாம், என்எக்ஸ்' என்று கட்டளை. என்எக்ஸ் என்றால் மறைக்காதவற்றில் மட்டும். வெறும் எக்ஸ் என்றால் மறைத்தவற்றில் மட்டும். இரண்டும் சொல்லாவிட்டால் எல்லாவற்றிலும் மாற்றும். ஆனால் அப்படி மாற்றும்போது மறைந்திருந்த வரிகளையும் வெளியே இழுத்துப்போட்டு, மாறிய ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு அடையாளம் வைத்துவிட்டுப் போகும்.

கல்யாணப் பட்டியல் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? மடிப்புக்குள் இருப்பதும் மாறுமா, மாறினால் தெரியுமா? அந்தப் பச்சைத் திரை எடிட்டர் அதற்கு மூன்று பதிலை வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று நம்மையே சொல்ல வைத்தது. மடிப்பு அங்கே கண்ணுக்கு வசதி மட்டுமில்லை, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்பதற்கான வேலியும் அதுதான்.

பம்பாய்க்கு வந்த பச்சை

இந்தியாவில் ஐ.பி.எம். கதை விசித்திரமானது. அந்நியச் செலாவணிச் சட்டத்தோடு ஒத்துப்போக மறுத்து 1978-ல் அது நாட்டைவிட்டே கிளம்பிவிட்டது. ஆனால் அமெரிக்க வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் ஐ.பி.எம். மெயின்ஃபிரேமில்தான் ஓடிக்கொண்டிருந்தன. நம்மூரில் இயந்திரமில்லை, இயந்திரத்துக்கு வேண்டிய ஆள் இருந்தான். 1968-ல் பம்பாயில் தொடங்கிய டி.சி.எஸ். 1970களின் நடுவிலேயே பரோஸ் கம்பெனியோடு சேர்ந்து வெளிநாட்டு வேலையை எடுத்தது. அந்தேரியில் 1973-ல் தொடங்கிய சீப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குள் மென்பொருள் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்தன. 1984-க்குப் பிறகு கம்ப்யூட்டர் இறக்குமதி விதிகள் தளர, கூட்டம் கூடியது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்த தெருக்களில் மெயின்ஃபிரேம் கோச்சிங் போர்டுகள் தொங்கின.

பிறகு வந்தது ஒய்டூகே. வருடத்தை 1975 என்று நாலு இலக்கமாக எழுதாமல் 75 என்று இரண்டிலேயே முடித்துவிட்ட பழக்கம் அட்டைக் காலத்து மிச்சம். எண்பது எழுத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும், நினைவகமும் தங்க விலை. 1999 முடிந்து 00 வந்தால் அது 1900 என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். வட்டி, பென்ஷன், பாலிசி என்று தேதியை நம்பி ஓடும் எல்லாக் கணக்கும் உளறும்.

தீர்வு இரண்டு வகை. ஒன்று, எல்லா இடத்திலும் நாலு இலக்கமாக விரிப்பது. நல்ல வழி, ஆனால் கோப்புகளையும் மாற்ற வேண்டும், செலவு அதிகம். இன்னொன்று ஜன்னல் வைப்பது. உதாரணமாக, 50 முதல் 99 வரை வந்தால் 1900கள், 00 முதல் 49 வரை வந்தால் 2000கள் என்று நிரலுக்குள் ஒரு விதி எழுதிவிடுவது. மலிவு, வேகம். நிறைய பேர் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

எந்த வழியானாலும் முதல் வேலை தேதி எங்கெல்லாம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இங்கேதான் நம் எக்ஸும் என்எக்ஸும். 'டேட்' என்று தேடினால் தேதி மட்டுமா வரும்? அப்டேட் வரும், வேலிடேட் வரும், கேண்டிடேட் வரும். எல்லாவற்றுக்குள்ளும் அந்த நாலு எழுத்து உட்கார்ந்திருக்கிறதே! எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றினால் நிரல் நாறிவிடும். தேட வேண்டும், படிக்க வேண்டும், வேண்டாததை மறைக்க வேண்டும், மிச்சத்தை மட்டும் மாற்ற வேண்டும். எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் தேதிக்குத் தன் மனம்போல ஒரு பெயர் வைத்திருப்பார். அது எந்தத் தேடலிலும் எழுந்து வராது. மறைந்த வரிகளுக்குள் பத்திரமாகத் தூங்கும். அனுபவசாலிகள் தேடலை முடித்ததும் ஒரு முறை மடிப்பைத் தலைகீழாகப் புரட்டி, தெரிந்ததை மறைத்து மறைந்ததைப் பார்ப்பார்கள். அதற்கும் ஒரு கட்டளை இருந்தது.

இதை அந்தேரியில் உட்கார்ந்து அமெரிக்காவில் இருக்கும் இயந்திரத்தில் செய்தால் எப்படி இருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். செயற்கைக்கோள் இருப்பது தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். நீங்கள் என்டர் தட்டினால் தகவல் மேலே போய்க் கீழே இறங்க வேண்டும், பதில் மீண்டும் மேலே போய்க் கீழே வர வேண்டும். நாலு பயணம். ஒளியின் வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அரை நொடி அங்கேயே போய்விடும். அது போக, லைனில் நெரிசல் என்றால் தனி. நானூறு திரையைப் புரட்டுவதைவிட, மறைத்துத் தேடி மூன்று திரையில் பார்ப்பது புத்திசாலித்தனம். மடிப்பு அங்கே காசை மிச்சம் பிடித்தது, தூக்கத்தையும்தான்.

ஆபத்தும் அங்கேயே இருந்தது. '12 வரிகள் காட்டப்படவில்லை' என்ற கோடு இருக்கிறதே, அது அடைப்புக்கல் மாதிரி. அதன் மேல் அழிக்கச் சொல்லி 'டி' அடித்தால் கோடு மட்டும் போகாது, உள்ளே இருக்கும் பன்னிரண்டும் சேர்ந்து போய்விடும். நான் வேலை பார்த்த ஒரு ஆபீஸில் (பெயர் வேண்டாம்) சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பையன் ஒருவன், திரையில் அசிங்கமாகக் கோடு நிற்கிறதே என்று அதை அழித்தான், சேமித்தான். நிரல் கம்பைலும் ஆகிவிட்டது. போனது லீப் வருடத்தைக் கணக்குப் பார்க்கிற வரிகள். நூற்றாண்டு வருடம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் வருடம், 2000 வகுபடும், ஆகவே பிப்ரவரி 29 உண்டு. அந்தத் தேதியைப் போட்டுச் சோதித்த பெண் ஒருத்தி அதைப் பிடித்தாள். இல்லையென்றால் எத்தனையோ பேரின் வட்டிக் கணக்கு ஒருநாள் நொண்டியிருக்கும். அதற்குப் பிறகு அந்த டீமில் ஒரு விதி வந்தது. சேமிப்பதற்கு முன் எல்லா மடிப்பையும் விரித்துவிட வேண்டும்.

வேறு ஊர்களில் வேறு விதமாக

நம்மாட்கள் பச்சைத் திரையில் மல்லுக்கட்டிய காலத்திலேயே உலகின் வேறு மூலைகளிலும் இதே இரண்டு ஆசைகள் தனித்தனியாக வளர்ந்தன. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இருந்த இன்மாஸ் கம்பெனி 1980களில் ஆக்கம் மொழிக்காகக் கொடுத்த எடிட்டரில் நிரல் முழுக்க முழுக்க மடிப்புகளால் ஆனது. திறந்த மடிப்பை {{{ என்று மூன்று அடைப்புகளால் காட்டுவார்கள். 2001-ல் வந்த விம் 6.0-ல் மடிப்பு வசதி சேர்ந்தபோது அதே மூன்று அடைப்புகளை அங்கேயும் பார்க்கலாம். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ டாட்நெட் 2002-லும், எக்லிப்ஸ் 2004-லும் மடிப்பைச் சாதாரண நிரலாளனின் வீட்டுக்கே கொண்டுவந்தன.

பல இடத் தேர்வின் கிளை வேறு. பெல் ஆய்வகத்தில் ராப் பைக் எழுதிய சாம் எடிட்டர், ஒரு வடிவத்துக்குப் பொருந்துகிற எல்லாத் துண்டுகளையும் பிடித்து ஒவ்வொன்றிலும் ஒரே காரியத்தைச் செய்யும். 2001-லும் 2002-லும் ராபர்ட் மில்லரும் பிராட் மையர்ஸும் லாப்பிஸ் என்ற ஆராய்ச்சி எடிட்டரை வைத்து, பல இடத்தை ஒரே நேரத்தில் தேர்ந்து திருத்துவது பற்றிக் கட்டுரைகளே எழுதினார்கள். 2008-ல் ஜான் ஸ்கின்னரின் சப்ளைம் டெக்ஸ்ட் வந்ததும் அது ஃபேஷனாயிற்று. அதில் நாலு இடத்தைத் தேர்ந்து 'மடி' என்றால் நாலும் தனித்தனியே மடியும். பிரிந்து வளர்ந்த இரண்டு கிளைகளும் மீண்டும் கைகோர்த்தது இப்படித்தான். 2015-ல் வந்த வி.எஸ்.கோட் இரண்டையும் பள்ளிப் பிள்ளைகள் வரை கொண்டுசேர்த்துவிட்டது.

ஆனால் கைகோர்த்தபோது ஒன்று விட்டுப்போனது. அந்த வேலி. இப்போதைய எடிட்டர்களில் மடிப்பு பெரும்பாலும் பார்வைக்கு மட்டும்தான். 'எல்லாவற்றையும் மாற்று' என்றால் மடிப்புக்குள் இருப்பதும் சேர்ந்து மாறும். மறைத்ததை விட்டுவிடு என்று சொல்ல என்எக்ஸ் போல ஒரு சுருக்கமான சொல் சாதாரணமாகக் கையில் கிடைப்பதில்லை. கர்சர் மடிப்புக்குள் போனால் வி.எஸ்.கோட் மடிப்பைத் திறந்து காட்டும், அது நல்ல குணம். விம்மில் மூடிய மடிப்பின் மேல் நின்று ஒரு வரியை அழித்தால் மொத்த மடிப்பும் போய்விடும். அந்த ஒரு மாதத்துப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள் :-)

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதே சிக்கல் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. யுனிகோடில் 'கா', 'கி', 'கு' எல்லாமே 'க' என்ற குறியோடு ஒரு துணைக்குறி சேர்ந்தவை. 'க' இருக்கும் இடத்தையெல்லாம் தேர்ந்தெடு என்றால் க-வரிசை முழுக்க மாட்டும். திரையில் 'கோ' என்று ஒரே மாதிரித் தெரிவது உள்ளே இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம். 'ஓ'காரக் குறி ஒன்றாகவோ, இரட்டைக்கொம்பும் காலும் தனித்தனியாகவோ. தேடுகிற கருவி இதை அறியாவிட்டால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. நம் எழுத்தே மடித்து வைத்த எழுத்து. பல இடத்தில் மாற்றும்போது நாம் இன்னும் ஒரு மடங்கு கவனமாக இருந்தாக வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை

2000 ஜனவரி 1 விடிந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடனே உலகம் என்ன சொன்னது? "அதெல்லாம் சும்மா கிளப்பிவிட்ட பயம்பா." ராத்திரி ராத்திரியாக எட்டாயிரம் வரிகளுக்குள் தேதியைத் துழாவியவர்களுக்கு அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்? ஒழுங்காகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரியாது. இந்த வேலைக்கு அப்படி ஒரு சாபம்.

ஆனால் குடும்பங்கள் மாறின. 1998-ல் அமெரிக்கா ஹெச்-1பி விசாக்களின் வருட உச்சவரம்பை 65,000-லிருந்து 1,15,000 ஆக்கியது. 2000-ல் வந்த சட்டம் அதை 1,95,000 வரை ஏற்றியது. மாட்டுங்காவில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்கள் செம்பூரிலும் முலுண்டிலும் சொந்தமாக ஃப்ளாட் வாங்கினார்கள். 2001-ல் சந்தை சரிந்தபோது திரும்பி வந்தவர்களும் உண்டு. இன்று முலுண்டிலிருந்து பாலம் தாண்டி ஐரோலிக்கு வேலைக்குப் போகிறவர்களில் சிலர் இன்னமும் அதே கோபாலோடுதான் குடும்பம் நடத்துகிறார்கள். உலகின் பெரிய வங்கிகள் பலவும் அதை விடவில்லை.

இந்தப் பழங்கதை இன்றைக்கு எதற்கு என்றால், கேள்வி பழசாகவில்லை. இப்போது நிரல் எழுதித் தரும் செயற்கை அறிவுக் கருவிகளிடம் ஒரு வாக்கியம் சொன்னால் நாற்பது கோப்புகளில் மாற்றம் செய்து நீட்டுகின்றன. என்ன மாறியது என்று பார்க்கப் போனால் திரை மாறிய வரிகளை மட்டும் காட்டும். மாறாதவற்றை மடித்து, இத்தனை வரிகள் மறைக்கப்பட்டுள்ளன என்று ஒரு கோடு போடும். அதே கோடு, நிறம்தான் வேறு. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் 'சரி' பொத்தானை அமுக்குவதற்கு முன், அந்தக் கோட்டைத் தட்டி உள்ளே ஒரு தடவை பார்க்கிறார்களா? பிரச்சினை மாற்றிய வரியில் மட்டும் இருப்பதில்லை. மாற்ற வேண்டியிருந்தும் மாற்றாமல் விட்ட வரி மடிப்புக்குள்தான் இருக்கும்.

1998-ல் வைத்த அந்த ஜன்னல்களும் நிரந்தரமில்லை. 50-ல் கோடு கிழித்த நிரல் 2049 டிசம்பர் 31 வரைதான் சரியாகக் கணக்குப் போடும். மறுநாள் விடிந்தால் அதற்கு 1950. அதுவரை எத்தனை நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது? ஓடினால், இன்று பள்ளிக்கூடம் போகும் யாரோ ஒருவர்தான் அதைத் திறந்து பார்ப்பார். மெயின்ஃபிரேம் நிரல்களின் தலைப்பில் யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று குறிப்பெழுதி வைப்பது வழக்கம். தேதியும், காரணமும், இரண்டு மூன்று எழுத்தில் இனிஷியலும் இருக்கும். அந்த இனிஷியல்களில் கொஞ்சம் நம் வீட்டு ஆட்களுடையது. பெரும்பாலும் அந்தக் குறிப்புகளையும் யாராவது மடித்துத்தான் வைத்திருப்பார்கள்.